கலவை மீன் தொட்டியில் சண்டையைத் தவிர்ப்பதும் தணிப்பதும்: இராமநாதபுரம் கடற்கரைத் தண்ணீருக்கு ஏற்ற வழிகாட்டி

கீழக்கரையில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, அக்கா மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மாமா, இந்த நீல மீன் எப்பப் பாரு மத்த மீனோட ஓடிப்பிடிச்சு விளையாடுது" என்றான். நான் குனிந்து பார்த்தேன். ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடி மூலைக்கும் நடுவே இரண்டு விரல் அளவே இருந்த இடைவெளியில், தலையை மேலே தூக்கிச் சாய்ந்தபடி இன்னொரு நீலக் கௌராமி ஒண்டிக்கொண்டிருந்தது. அதன் வால் ஓரம் பல் உதிர்ந்த சீப்பைப் போலப் பிய்ந்திருந்தது. காற்று விழுங்க அது மேலே எழும்பிய ஒவ்வொரு தடவையும், நடுத் தொட்டியில் நின்ற மீன் அம்புபோலப் பாய்ந்து வந்து அதன் விலாவில் இடித்தது.

கடையில் அவற்றை 'ஜோடி' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டுமே ஆண். ஆண் கௌராமிக்கு முதுகுத் துடுப்பு நீண்டு கூராக முடியும், பெண்ணுக்குக் குட்டையாக வளைந்து முடியும் என்பதை யாரும் பார்க்கவில்லை. கௌராமி செவுளால் மூச்சுவிடுவதோடு மேற்பரப்புக் காற்றையும் விழுங்கி வாழும் மீன் ஆகையால், துரத்துகிற மீன் எதிரியைத் தேடித் தொட்டி முழுதும் அலைய வேண்டியதில்லை. அது எழும்பும் இடத்துக்கு அருகில் காத்திருந்தாலே போதும். அந்த இரண்டடித் தொட்டியில் அடிபட்ட மீனுக்குப் போக்கிடமே இல்லை.

மண்டபத்தில் பல ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் என் கணிப்பைச் சொல்கிறேன்: வீட்டுத் தொட்டிகளில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் கடைக்காரர் கவரில் காற்றடைத்து ரப்பர் வளையம் போடும்போதே உறுதியாகிவிடுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியே இருக்கும்.

முதலில் தண்ணீர், பிறகு மீன்

தொண்டி, தேவிப்பட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி பக்கமும், போர் போட்டால் பெரும்பாலும் சவர்த் தண்ணீர்தான் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளை எண்ணிக் குடங்களை வரிசை வைக்கிற வீட்டில், அந்த நல்ல தண்ணீரை மீன் தொட்டிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. தொட்டிக்குப் போர்த் தண்ணீரே போகும். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் வாழ முடியாத மீனை அதில் விடுவது சண்டையில் கொண்டுபோய் முடிகிறது.

சண்டைக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியான் டெட்ராவை எடுத்துக்கொள்வோம். அது அமேசான் படுகையில், உப்பு மிகக் குறைந்த, சற்றே அமிலத்தன்மை உள்ள நீரோடைகளில் வாழும் இனம். நம் ஊர்ப் போர்த் தண்ணீரில் விட்டால் நிறம் மங்கி, துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, தள்ளாடி நீந்தும். தள்ளாடும் மீனைக் கண்டால் மற்றவை கொத்தத் தொடங்குகின்றன. சாதாரணமாக யாரையும் தொடாத பிளாட்டிகூட ஒரு கடி கடித்துப் பார்க்கும். மறுநாள் காலை செத்த டெட்ராவை மோலி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மோலிதான் கொன்றது என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். செத்த மீனைக் கொத்தாத மீன் அரிது என்பதால், பிணத்தின் அருகில் நிற்பதை வைத்துக் கொலையாளியை முடிவு செய்யக் கூடாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, தொட்டிக்கு ஊற்றப்போகும் தண்ணீரை அளந்துவிடுங்கள். நான் கைக்கொள்ளும் கணக்கு இது: 300, 400 என்ற அளவு காட்டினால் கடையில் பரவலாகக் கிடைக்கும் பெரும்பாலான மீன்கள் தாங்கும், 1,000-ஐத் தாண்டினால் மோலி, கப்பி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வேன். அந்த மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். அதில் சாப்பாட்டு உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேன் தண்ணீரைக் கலந்து அளவைக் குறைக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி என்று ஒருமுறை தொடங்கினால், ஒவ்வொரு வாரமும் அதே விகிதம் இருக்க வேண்டும். ஒரு வாரம் கேன் தண்ணீர், மறுவாரம் வெறும் போர்த் தண்ணீர் என்று மாற்றினால் எந்த மீனும் நிலைகொள்ளாது. குழாயில் வரும் குடிநீரைப் பயன்படுத்துவோர், குளோரின் போவதற்காக அதை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

வெப்பமும் இதில் சேரும். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தொடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. மீனின் பசியும் வேகமும் கூடுகின்றன. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் ஏறுகிறது. சிடுசிடுப்பு இந்த மூன்றிலும் இருந்துதான் பிறக்கிறது. மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஓரிரு பாகை இறங்கும். கடற்காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் அந்தப் பலன் குறைவாகவே இருக்கும். விசிறி ஓடும் தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகிக் குறையும். உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். குறைந்ததை ஈடுகட்டப் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். ஆகவே ஆவியான அளவுக்கு ஊற்றுவது கேன் தண்ணீராகவும், கழிவுநீரை வெளியேற்றி மாற்றுவது வழக்கமான கலவையாகவும் இருக்கட்டும்.

யாரோடு யாரைச் சேர்க்கலாம்

கடையில் பார்ப்பது குஞ்சுகளை. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஆஸ்காரும் அதே அளவுள்ள பிளாட்டியும் ஒரே விலைச் சீட்டின் கீழ் நீந்தும். ஓர் ஆண்டில் ஆஸ்கார் உள்ளங்கையைவிடப் பெரிதாகி, பிளாட்டியை ஒரே வாயில் விழுங்கும். அது சண்டையே அன்று, சாப்பாடு. வளர்ந்த பிறகு எவ்வளவு பெரிதாகும், அந்த வாய்க்குள் மற்ற மீன் போகுமா என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஆண், பெண் கணக்கு. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் இனங்களில் ஆண் எந்நேரமும் பெண்ணைத் துரத்தும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால், அந்தப் பெண் மீன் தின்னக்கூட நேரமின்றி மெலிந்துபோகும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்று வைத்தால் துரத்தல் பலருக்கும் பங்காகப் பிரியும். பார்த்து வாங்குவது எளிது: மீனின் அடிவயிற்றுக்குப் பின்னே, வாலுக்கு முன்னே உள்ள துடுப்பைக் கவனியுங்கள். அது விசிறிபோல முக்கோணமாக விரிந்திருந்தால் பெண். ஊசிபோல மெலிந்து பின்னோக்கி நீட்டியிருந்தால் ஆண். கடைத் தொட்டியில் மீன் பக்கவாட்டில் திரும்பும்வரை அரை நிமிடம் பொறுத்தால் தெரிந்துவிடும். வலை போட்டு அள்ளிவிட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. குஞ்சுகள் பெருகுவதே வேண்டாம் என்பவர்கள் ஆண் கப்பிகளை மட்டும் எட்டு, பத்தாக வைக்கலாம். பெண் மட்டும் வைத்தால் குஞ்சு வராது என்று நினைப்பது சரியில்லை, ஏனெனில் ஒருமுறை சேர்ந்த பெண் விந்தைப் பல மாதங்கள் உள்ளே சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் மறுபடி மறுபடி குட்டி போடும்.

கூட்டமாக வாழும் இனங்களின் கணக்கு வேறு. டைகர் பார்ப் கடிக்கும் மீன் என்று எல்லோரும் அஞ்சி, "இரண்டு போதும்" என்று வாங்குவார்கள். மிக மோசமான எண்ணிக்கை அதுதான். எட்டுக்குக் குறையாமல் இருந்தால், யார் பெரியவர் என்ற பூசலை அவை தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும். இரண்டோ மூன்றோ இருந்தால் அந்தப் பூசல் அண்டை மீனின் வாலில் போய் விடியும். நானே ஒருமுறை, அழகாக வரிவரியாக இருக்கிறதே என்று மூன்று டைகர் பார்ப்களை ஏஞ்சல் மீன்கள் இருந்த தொட்டியில் விட்டேன். ஏஞ்சலின் வயிற்றடியில் நூல்போலத் தொங்கும் இரண்டு துடுப்புகள் நான்கே நாளில் குச்சித் துண்டுகளாகிவிட்டன. தவறு முழுக்க என்னுடையது. நீண்ட துடுப்பும் மெதுவான நடையும் உள்ள ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி, கப்பி, தங்கமீன் ஆகியவற்றோடு டைகர் பார்ப்பை எத்தனை எண்ணிக்கையிலும் சேர்க்க வேண்டாம். விடோ டெட்ராவுக்கும் இந்தப் பழக்கம் ஓரளவு உண்டு.

ஏஞ்சல் இன்னொரு சிக்கலைத் தரும். குஞ்சாக இருக்கும்போது ஆறு ஏஞ்சல்களும் சேர்ந்தே மேயும். வளர்ந்து, அவற்றில் இரண்டு மீன்கள் ஒரு ஜோடியாகச் சேர்ந்துவிட்டால், அவை முட்டையிட ஓர் இலையையோ ஃபில்டர் குழாயையோ தேர்ந்துகொண்டு, மற்ற நான்கையும் எதிர் மூலைக்கு ஒதுக்கிவிடும். அப்போது ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது ஒன்றே வழி. மாற்றத் தொட்டி இல்லாதவர்கள் ஏஞ்சலில் இறங்காமல் இருப்பது நல்லது.

தொட்டியின் அடித்தளத்துக்கு உரிமை கொண்டாடும் மீன்கள் தனி வகை. ரெயின்போ ஷார்க், சிவப்புவால் கறுப்பு ஷார்க் என்று விற்கப்படுபவை சுறாக்களே அல்ல, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வளர்ந்தபின் அடித்தரை முழுவதையும் தன் சொத்தாகக் கருதி, தன்னைப்போன்ற வடிவமுள்ள எதையும் விரட்டும். ஒரு தொட்டிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மூன்றடிக்குக் குறையாத தொட்டியில். 'சக்கர்' எனப்படும் கவச மீன் பாசியைத் தின்று கண்ணாடியைத் துடைக்கும் என்று நம்பி வாங்கப்படுகிறது. அது ஓரடிக்கு மேல் வளர்வதோடு, பெரிதானபின் தங்கமீன்போன்ற மெதுவான மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேற்பூச்சை உறிஞ்சவும் செய்யும்.

சில மீன்களைக் கலவைத் தொட்டிக்கு எண்ணிப்பார்க்கவே வேண்டாம். ஆண் ஃபைட்டர் இன்னோர் ஆணைக் கண்டால் விடாது. நீண்ட வாலும் பளிச்சென்ற நிறமும் உள்ள கப்பியைக்கூடத் தன் இனமென்று எண்ணித் தாக்கும். ஃபிளவர் ஹார்ன் 1990-களில் மலேசியாவில் பல இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்ட மீன். வாஸ்துவுக்கென்று வாங்குகிறவர்கள் அதைத் தனியே வைக்கத் தயாராக இருக்க வேண்டும். பச்சைப் புள்ளிப் பேத்தையும் அவ்வப்போது கடைகளில் நன்னீர் மீன் என்ற பெயரில் தலைகாட்டும். வலையில் ஏறிய பேத்தை என்ன கடி கடிக்கும் என்பதை நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிப் பேத்தையும் அதே பல்வரிசையோடுதான் வருகிறது, வளர்ந்தபின் அதற்கு உவர்நீரும் தேவை.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்கள் பாறை இடுக்குகளில் வாழும் கோபக்காரர்கள். ஆனால் அவற்றுக்குக் கடினமான, காரத்தன்மை உள்ள நீர்தான் வேண்டும் என்பதால், சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் உள்ள வீடுகளில் அவை செழிப்பாக வளரும். இவற்றில் வழக்கத்துக்கு மாறான ஓர் உத்தி பலன் தருகிறது: நான்கடித் தொட்டியில் பதினைந்து, இருபது மீன்களைச் சற்று நெருக்கமாகவே விட்டால், எந்த ஒன்றும் தனி இடத்தைப் பிடித்துக் காவல் காக்க முடியாது, எந்த ஒன்றின் மீதும் அடி முழுதாக விழாது. அந்த நெருக்கத்துக்கு ஈடாக இரட்டிப்பு வலுவுள்ள ஃபில்டரும் வாரந்தோறும் நீர் மாற்றமும் தேவை. இவற்றோடு வேறு இன மீன் எதையும் சேர்க்கக் கூடாது. பாறைப்பாசி மேயும் வகைகளுக்குத் தாவர உணவே மிகுதியாக இருக்க வேண்டும்.

முதன்முறையாக வைப்பவர்களுக்கு நான் சொல்லும் கூட்டணி எளிமையானது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 160 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 140 லிட்டர் என்று வையுங்கள். அதில் இரண்டு ஆண், ஐந்து பெண் மோலியும், ஆறு போஸ்மானி ரெயின்போ மீன்களும். இரண்டு இனமும் கடின நீரைத் தாங்கும்; ரெயின்போ நடுமட்டத்தில் நீளவாக்கில் ஓடும், மோலி எங்கும் மேய்ந்து திரியும். பார்ப்பதற்கு வண்ணம் குறையாது.

மறைவிடமும் பார்வைத் தடையும்

அடி வாங்கும் மீன் துரத்தும் மீனின் கண்ணிலிருந்து மறைந்தால் துரத்தல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே தொட்டியை ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை முழுதாகத் தெரியாதபடி அமைக்க வேண்டும். நம் பக்கம் இதற்குச் செலவே இல்லை. மானாமதுரையிலிருந்து வரும் சிறு மண்பானையை நெடுக்காக இரண்டாக உடைத்து, கூரான விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கவிழ்த்தால் இரண்டு குகை கிடைக்கும். சாயம் பூசிய பானை மட்டும் வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையில் நார் போகச் சுரண்டி, இரண்டு மூன்று தடவை கொதிக்கவைத்து, நீர் நிறம் விடுவது குறைந்ததும் போடலாம். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் இருப்பது முக்கியம். ஒற்றை வாசல் குகையில் நுழைந்த மீனை, துரத்தி வந்தது வாசலிலேயே மறித்து நின்றுவிடும். மூன்று மீன் இருந்தால் நான்கு குகை என்ற கணக்கில், எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் சங்கையும் அழகுக்காகத் தொட்டியில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அவை சுண்ணாம்பால் ஆனவை. மெல்லக் கரைந்து நீரின் கடினத்தை மேலும் ஏற்றும். மலாவி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு அது உதவி, மற்றவர்களுக்கு உபத்திரவம். பவளப்பாறைத் துண்டை எடுத்துவருவது வேறு வகையிலும் தவறு: பவளம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவது.

புதிய மீனை விடும் நாள்

புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மொத்த மீனையும் கொண்டுவந்து கொட்டக் கூடாது. சேர்க்கும் வரிசையில், சாதுவான மீன்கள் முதலில், முரட்டு மீன் கடைசியில். முதலில் வந்தது இடம் பிடித்துக்கொள்ளும் என்பதால், முரடனுக்கு அந்த வாய்ப்பைத் தரக் கூடாது.

வாங்கிவந்த மீனைத் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பது நோய்க்கு நல்லது. சண்டைக்கும் நல்லது, ஏனெனில் பயணக் களைப்பு நீங்கி, நன்றாகத் தின்று தேறிய மீன் முதல் அடியிலேயே சுருண்டுவிடாது. பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில், மாலையில் பழைய மீன்களுக்கு வயிறாரத் தீனி போடுங்கள். பிறகு குகைகளையும் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீன்கள் பிடித்து வைத்திருந்த எல்லைகள் அழிந்து, எல்லோரும் புதிதாகக் குடியேறியவர்கள்போல ஆகிவிடுவார்கள். விளக்கை அணையுங்கள். புதிய மீன் உள்ள கவரை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் சிறு வலையில் எடுத்துவிட்டுக் கவர்த் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள். விளக்கு மறுநாள் காலைதான். கூட்ட மீனாக இருந்தால் ஒன்று ஒன்றாக விடாமல் மொத்தமாக விட வேண்டும். தனியாக வந்த ஒன்றின் மேல் எல்லோர் கவனமும் விழுவதைவிட, ஆறு ஒன்றாக வந்தால் கவனம் சிதறும்.

எது சண்டை, எது இல்லை

அக்கா மகன் கேட்டது எல்லோருக்கும் வரும் குழப்பமே. துரத்தப்பட்ட மீன் சற்று ஓடிவிட்டு, உடனே திரும்பி வந்து மேய்ந்தால் அது அன்றாடத் தள்ளுமுள்ளு; தலையிட வேண்டாம். ஆண் மோலி முதுகுத் துடுப்பைப் பாய்போல விரித்துப் பெண்ணின் முன் ஆடுவது காதல். இரண்டு சிக்லிட்கள் வாயோடு வாய் கவ்வி இழுப்பது வலுவை அளந்துபார்ப்பது. சில நிமிடத்தில் முடிந்து, ஒன்று விலகிப் போக வழி இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் அமைதியானவை. தீனி போடும்போது ஒரு மீன் வெளியே வருவதில்லை, மேல் மூலையிலோ ஃபில்டருக்குப் பின்னாலோ அசையாமல் நிற்கிறது, துடுப்புகள் ஒடுங்கியிருக்கின்றன, நிறம் வெளுத்திருக்கிறது, வாலிலும் பக்கத்திலும் கிழிசல், செதில் உதிர்ந்த வெள்ளைத் திட்டு. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அன்றே பிரிக்க வேண்டும். பல மீன்கள் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அது சண்டையே இல்லை. பிராணவாயுக் குறைவோ அம்மோனியாவோதான் காரணம். மின்வெட்டுக்குப் பிறகு இதைக் காணலாம். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நம் ஊருக்கு அவசியம்.

பிரிக்கும்போது பலரும் அடிபட்ட மீனை வெளியே எடுத்து, குணமானதும் திரும்ப விடுகிறார்கள். திரும்பி வந்த அன்றே அது மறுபடி அடி வாங்குகிறது. முரட்டு மீனையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். ஒரு வாரம் அதை வேறு வாளியில் வைத்து, அதற்குள் தொட்டியின் அமைப்பை மாற்றி, மற்ற மீன்கள் இடம் பிடித்துக்கொண்டபின் கடைசியாக விட்டால், பெரும்பாலும் அதிகாரம் இறங்கித்தான் நடக்கும். தனி வாளி இல்லாதவர்கள், ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு அதில் அடைக்கலாம். இரண்டு தடவை இப்படிச் செய்தும் அடங்காத மீனை இடம் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அக்கா வீட்டு முரட்டுக் கௌராமி அப்படித்தான் என்னிடம் வந்தது. என் மூன்றடித் தொட்டியில் மூன்று பெண் கௌராமிகளோடு, பானை ஓட்டின் ஓரத்தில் நுரைக்கூடு கட்டிக்கொண்டு தன்பாட்டில் இருக்கிறது.

தீனியும் சண்டையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஒரே இடத்தில் ஒரே தடவை கொட்டினால் வலுத்தது மட்டும் தின்னும். மிதக்கும் தீனியை ஒரு முனையிலும் மூழ்கும் தீனியை மறுமுனையிலும், நாளைக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போடுங்கள். அடித்தள மீன்களுக்கு விளக்கணைத்த பிறகு ஒரு வில்லை.

அடிபட்ட மீனுக்குச் சுத்தமான தண்ணீரே முதல் மருந்து. தனி வாளியில், நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, அயோடின் கலக்காத கல்லுப்பை 10 லிட்டருக்கு 10 கிராம் என்ற அளவில் கரைத்து ஊற்றினால், கிழிந்த துடுப்பு இரண்டு மூன்று வாரத்தில் கண்ணாடிபோன்ற மெல்லிய ஓரத்தோடு வளரத் தொடங்கும். ஏற்கெனவே உவர்நீரில் இருக்கும் மோலிக்கு இந்த உப்பும் தேவைப்படாது. கோரிடோரஸ் போன்ற கெளுத்திகள் உப்பைத் தாங்குவதில்லை. காயத்தில் பஞ்சுபோன்ற வெள்ளை தெரிந்தால் அது பூஞ்சை. தனி வாளியில் மட்டும் மெத்திலீன் ப்ளூ, பாட்டிலில் குறித்துள்ள அளவில். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும்.

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுவோருக்கு

கடல் வாசலிலேயே இருக்கிறது என்பதால் நம்மில் பலருக்கு இந்த ஆசை எழும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. கடல்குதிரையை எங்கிருந்தும் பிடிக்கக் கூடாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் செய்துகாட்டியிருக்கிறது; பண்ணையில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். கோமாளி மீன்களில் கூட்டத்தின் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். ஆகவே ஒரே அளவில் இரண்டு பெரியவற்றை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருந்து சாகும்வரை மோதக்கூடும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வாங்கினால் ஜோடி அமைந்துவிடும். நீல டேம்சல் மீன் மலிவாக இருக்கிறது என்று அதை முதலில் விட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் அது நிற்கவிடாது.

வேண்டாத மீனை என்ன செய்வது

முரட்டு மீனையும் பெருகிப்போன குஞ்சுகளையும் ஊரணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடுவது மிகத் தவறு. சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர்களில் பலர் நல்ல நிலையில் உள்ள மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பணம் தராவிட்டாலும் அதற்கு ஈடாகத் தீனியாவது தருவார்கள். கொண்டுபோவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், கவர்த் தண்ணீர் அழுக்காகாது. கவரில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று, ஒரு கவருக்கு ஒரே முரட்டு மீன். வெயிலுக்கு முன், ஈரத்துணி சுற்றிய பைக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.